ஊபர், லிஃப்ட் டிரைவருக்கு டிப்ஸ்: கொடுக்கணுமா, எவ்வளவு?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களிடமிருந்தும், பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய்வரும் பெற்றோரிடமிருந்தும் வந்த கேள்விகள் இந்த இதழில். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஊபரில் ஏறுவதற்கு முன்பே கட்டணம் காட்டிவிடுகிறார்கள். கார்டில் பிடித்தும் கொள்கிறார்கள். இறங்கின பிறகு டிப்ஸ் கேட்டு இன்னொரு திரை வருகிறது. கொடுத்தே ஆகவேண்டுமா? எல்லாரும் கொடுக்கிறார்கள் என்கிறாள் மகள், ஒருத்தரும் கொடுப்பதில்லை என்கிறார் என் கணவர்.
— வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: இரண்டுமே மிகை. டிப்ஸ் கட்டாயம் என்று சட்டமும் சொல்லவில்லை, ஆப்பின் விதியும் சொல்லவில்லை. அந்தத் திரையைத் தொடாமல் மூடிவிட்டால் அதோடு முடிந்தது. அடுத்த முறை அதற்காகக் கட்டணம் ஏறாது, வண்டி வராமலும் போகாது.

இந்தக் குழப்பத்துக்கு ஊபரே ஒரு காரணம். ஊபரின் போட்டி நிறுவனமான லிஃப்ட் 2012-ல் தொடங்கிய காலத்திலிருந்தே ஆப்பில் டிப்ஸ் போட வழி வைத்திருந்தது. ஊபரோ ‘கையை வீசிக்கொண்டு இறங்கிப் போகலாம்’ என்றே பயணிகளைப் பல வருடம் பழக்கியது. 2017 ஏப்ரலில் நியூயார்க் நகர டாக்ஸி ஆணையம், கார்டில் பணம் வாங்கும் நிறுவனங்கள் கார்டிலேயே டிப்ஸ் கொடுக்கவும் வழி செய்ய வேண்டும் என்று விதி கொண்டுவரப்போவதாக அறிவித்தது. அதே வருடம் ஜூனில் ஊபர் சியாட்டில், மினியாபொலிஸ், ஹூஸ்டன் என்று மூன்று ஊர்களில் ஆரம்பித்து, சில வாரங்களில் நாடு முழுக்க டிப்ஸ் வசதியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பழகியவர்களுக்கு ‘ஊபரில் டிப்ஸ் கிடையாது’ என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. உங்கள் கணவர் அந்தக் காலத்து வாடிக்கையாளராக இருக்கலாம்.

யார் கொடுக்கிறார்கள் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் லிஸ்டும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் நடந்த சுமார் 4 கோடி ஊபர் பயணங்களை எடுத்து ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். லிஸ்ட் அதற்குமுன் ஊபரிலேயே தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர். பயணங்களில் சுமார் 16 சதவீதத்துக்குத்தான் டிப்ஸ் விழுந்திருந்தது. ஆய்வு நடந்த நான்கு வாரங்களில் ஒரு தடவைகூடக் கொடுக்காதவர்கள் சுமார் 60 சதவீதம். ஒவ்வொரு பயணத்துக்கும் தவறாமல் கொடுத்தவர்கள் 1 சதவீதம். கொடுத்தவர்கள் சராசரியாக 3 டாலர் சொச்சம் கொடுத்திருந்தார்கள். டிரைவர் எப்படி ஓட்டினார் என்பதைவிடப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் யார் என்பதுதான் டிப்ஸைத் தீர்மானித்தது என்பது அந்த ஆய்வு சொன்ன இன்னொரு சேதி.

நீங்கள் கட்டுவதில் டிரைவருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘கம்பெனி கால் பங்கு எடுத்துக்கொள்ளும், முக்கால் பங்கு டிரைவருக்கு’ என்பது பழைய கணக்கு. இப்போது பயணியிடம் வாங்கும் விலையை ஒரு கணக்கும், டிரைவருக்குக் கொடுக்கும் தொகையை வேறொரு கணக்கும் நிர்ணயிக்கின்றன. ஒரு பயணத்தில் பெரும்பங்கு டிரைவருக்குப் போகும், அடுத்ததில் பாதிகூடப் போகாது. லிஃப்ட் 2024 பிப்ரவரியில், காப்பீடு போன்ற வெளிச்செலவுகளைக் கழித்தபின் பயணிகள் கட்டியதில் வாரத்துக்குக் குறைந்தது 70 சதவீதம் டிரைவருக்கு உண்டு என்று அறிவித்தது. அதுவும் வாரக் கணக்குதான், உங்களுடைய ஒரு பயணத்துக்கான உத்தரவாதம் அல்ல. டிப்ஸ் மட்டும் அப்படி இல்லை. இரண்டு நிறுவனங்களுமே அதில் கமிஷன் எடுப்பதில்லை, முழுத்தொகையும் டிரைவருக்குச் சேர்கிறது.

ஆகவே, கடமை இல்லை. ஆனால் வசதி இருப்பவர்கள் கொடுப்பதுதான் நியாயம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: ஆப் 15, 20, 25 சதவீதம் என்று காட்டுகிறது. ஹோட்டல் பில் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு 20 சதவீதம் போட்டுவிடலாமா? கூட்டம் அதிகமாகிக் கட்டணத்தை ஏற்றும் ‘சர்ஜ்’ நேரத்தில் கட்டணமே இரட்டிப்பாகும்போது டிப்ஸும் இரட்டிப்பாக வேண்டுமா?
— வாசகர், பிளேனோ, டெக்சஸ்

பதில்: டாக்ஸிக்கு 15 முதல் 20 சதவீதம் என்பது அமெரிக்கப் பழக்கம். அதையே இங்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். நடுத்தரத் தூரத்துக்கு அது சரியாகவே வரும். இரண்டு ஓரங்களில்தான் உதைக்கும்: மிகச் சின்னப் பயணம், மிகப் பெரிய கட்டணம்.

சின்னப் பயணத்தை முதலில் பார்ப்போம். மளிகை வாங்கிக்கொண்டு ஒன்றரை மைல் தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போகிறீர்கள், கட்டணம் 8 டாலர். இருபது சதவீதம் என்றால் 1 டாலர் 60 சென்ட். ஆனால் டிரைவர் உங்களிடம் வரவே 3 மைல் ஓட்டியிருப்பார், வாசலில் நிறுத்த இடம் தேடியிருப்பார், பைகளை ஏற்றும்வரை நின்றிருப்பார். ஒன்றரை மைலுக்காக அவர் செலவிட்டது இருபது நிமிடம். இந்த மாதிரிப் பயணத்தில் சதவீதத்தை மறந்துவிட்டு 2 அல்லது 3 டாலர் என்று முழுத்தொகையாகப் போடுங்கள். திரையில் சதவீதப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் நாமே தொகையை எழுதும் வழி இருக்கும், கொஞ்சம் தேட வேண்டும்.

டிரைவரின் செலவையும் ஒரு கணக்காகப் பார்க்கலாம். அமெரிக்க வருமான வரித்துறை, தொழிலுக்குக் கார் ஓட்டுவதற்கு 2025-ல் மைலுக்கு 70 சென்ட் என்று வரிக்கழிவு வைத்திருந்தது. பெட்ரோல், தேய்மானம், டயர், காப்பீடு எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் போகும் தூரம் 6 மைல், உங்களிடம் வர அவர் ஓட்டியது 3 மைல் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மைலுக்கு 6 டாலர் 30 சென்ட் வண்டிக்கே போய்விடுகிறது. இந்தப் பயணத்துக்கு அவருக்கு 10 டாலர் கிடைத்திருந்தால், அரைமணி நேர உழைப்புக்கு மிச்சம் 3 டாலர் 70 சென்ட். வரித்துறையின் வீதம் பொதுச் சராசரி. பழைய ஹைப்ரிட் ஓட்டுபவருக்குச் செலவு குறையும், புது எஸ்யூவி கடனில் வாங்கியவருக்கு ஏறும். எப்படியிருந்தாலும் உங்களுடைய 3 டாலர் அவருடைய மிச்சத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. சின்னப் பயணத்து டிப்ஸ் டிரைவர்களுக்குப் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

பெரிய கட்டணத்துக்கு வருவோம். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு 52 டாலர் என்று காட்டுகிறது. அதில் சாலைச் சுங்கம், விமான நிலையக் கட்டணம், மாநில வரி எல்லாம் கலந்திருக்கும். பயணம் முடிந்து வரும் ரசீதில் இவை தனித்தனி வரியாக இருக்கும். அவை 12 டாலர் என்றால், மீதி 40-க்குத்தான் டிப்ஸ் கணக்கிட வேண்டும். 15 சதவீதம் 6 டாலர், 20 சதவீதம் 8 டாலர். ஆப்பின் பொத்தானை அப்படியே அழுத்தினால் மொத்தத் தொகைக்கும் சேர்த்துப் போட்டுவிட வாய்ப்பு உண்டு.

தள்ளுபடி கூப்பன் இருந்தால் இதற்கு நேர்மாறு. 20 டாலர் பயணம் கூப்பனால் 10 ஆனது என்றால், டிப்ஸை 20-க்குக் கணக்கிடுங்கள். தள்ளுபடி கம்பெனி உங்களுக்குக் கொடுத்தது, டிரைவர் ஓட்டிய தூரம் குறையவில்லை.

சர்ஜ் நேரத்தில் சதவீதம் வேண்டவே வேண்டாம். வழக்கமாக 18 டாலர் ஆகும் தூரத்துக்கு இன்று 41 கேட்டால், 18-க்கு உரிய 3 டாலரோ 4 டாலரோ போதும். கூடுதல் கட்டணத்தில் ஒரு பகுதி டிரைவருக்கும் போகலாம், போகாமலும் இருக்கலாம், அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. பனிப்புயல், கொட்டும் மழை என்று சாலையே ஆபத்தாக இருந்து சர்ஜ் ஏறியிருந்தால் மட்டும் 5 டாலர், அதற்கு மேலும் கொடுங்கள். கச்சேரி முடிந்து கூட்டத்தில் ஏறியதற்கும் உறைபனியில் ஏறியதற்கும் வித்தியாசம் உண்டு.

அதிகாலை 4 மணி வண்டி, வெளியூர்க் கிராமச்சாலையில் போய் வெறும் வண்டியோடு திரும்ப வேண்டிய பயணம், வழியில் பள்ளியில் குழந்தையை ஏற்ற ஒரு நிறுத்தம் என்று எதுவாக இருந்தாலும், வழக்கமான தொகைக்கு மேல் 2 முதல் 5 டாலர் சேர்ப்பது முறை. திரும்பிவரும் மைல்களுக்குப் பெரும்பாலும் யாரும் காசு தருவதில்லை.

கேள்வி: அம்மா அப்பா சென்னையிலிருந்து வருகிறார்கள். ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டி, கைப்பை வேறு. டிரைவர் பெட்டி தூக்கிவைத்தால் தனியாகக் கொடுக்க வேண்டுமா?
— வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: தூக்கிவைத்தால் பெட்டிக்கு 1 முதல் 2 டாலர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு பெட்டிக்கு, பயண டிப்ஸ் போக, 5 டாலர் கௌரவமான தொகை. தூக்குவது அவருடைய வேலையில் அடங்காது. முதுகுவலிக்காரர்கள் டிக்கியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள், அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் டிப்ஸைவிட எந்த வண்டியைக் கூப்பிடுகிறீர்கள் என்பது முக்கியம். சாதாரண செடான் டிக்கியில் பெரிய பெட்டி இரண்டு படுக்கும், கூட ஒரு சின்னப் பெட்டி. நான்கை அடைக்கப் பார்த்தால் ஒன்று முன்சீட்டில் ஏறும், இன்னொன்று அப்பாவின் மடியில். பல டிரைவர்கள் பயணத்தையே ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார்கள், அது நியாயமும்கூட. நீங்கள் அழைத்துவரப் போனால் மொத்தம் மூன்று பேர், ஆப்பில் எக்ஸ்எல் என்று இருக்கும் பெரிய வண்டியைக் கூப்பிடுங்கள். எக்ஸ்எல்லில் ஆறு பேர் உட்காரலாம் என்று போட்டிருக்கும், ஆனால் மூன்றாவது வரிசை நிமிர்ந்திருந்தால் பின்னால் பெட்டி வைக்க இடமே இருக்காது. மூன்று பேர் என்பதால் அந்த வரிசையை மடக்கிவிடலாம், நான்கு பெட்டியும் தாராளமாகப் போகும்.

வண்டியை எப்போது கூப்பிடுவது என்பதும் உண்டு. பெட்டிகள் பெல்ட்டில் வந்து கைக்குச் சேர்ந்த பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். விமான நிலையங்களில் டிரைவர்கள் தனியான ஒரு நிறுத்துமிடத்தில் வரிசையில் காத்திருப்பார்கள், முதலில் வந்தவருக்கு முதல் பயணம். சுங்கச் சோதனையில் நிற்கும்போதே நீங்கள் கூப்பிட்டுவிட்டால், அவர் வரிசையை விட்டு வெளியே வந்து, வாசலில் நிற்கவும் விடாமல் காவலர் விரட்ட, சுற்றிச்சுற்றி வருவார். ஊபரின் சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் 2 நிமிடம் தாண்டினால் காத்திருப்புக் கட்டணம் ஓடத் தொடங்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி நிலையங்களில் ஏறுமிடமே டெர்மினல் வாசலில் இல்லை. 2019 முதல் முதலாவது டெர்மினலுக்குப் பக்கத்தில் தனி வளாகம் வைத்திருக்கிறார்கள், பெட்டியோடு நடக்கவோ ஷட்டில் பிடிக்கவோ வேண்டும். பெற்றோர் தனியாக வந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: டிப்ஸ் கொடுக்காவிட்டால் டிரைவர் நமக்குக் குறைந்த ரேட்டிங் போட்டுவிடுவாரா?
— வாசகர், கேரி, வடக்கு கரோலினா

பதில்: பெரும்பாலும் வாய்ப்பில்லை. உங்களை இறக்கிவிட்ட கையோடு அவர் ரேட்டிங் போட்டுவிட்டு அடுத்த பயணத்தை எடுப்பார். உங்கள் டிப்ஸ் அதன் பிறகுதான் வந்து சேரும். பயணத்தை ஏற்கும்போதும் நீங்கள் கொடுப்பவரா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. ரேட்டிங்கைக் குறைப்பவை வேறு: சொன்ன இடத்தில் நிற்காமல் காக்கவைப்பது, கதவை ஓங்கி அறைவது, காருக்குள் சாப்பிடுவது, நான்கு பேர் வண்டியில் ஐந்தாவது ஆளை மடியில் உட்காரவைக்கக் கேட்பது.

சாப்பாடு வரவழைக்கும் ஆப்களோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஊபர் ஈட்ஸ், டோர்டேஷ் போன்றவற்றில் ஆர்டர் போடும்போதே டிப்ஸ் கேட்கிறார்கள். அது டிரைவர் பார்க்கும் தொகையில் சேர்ந்துவிடுவதால், டிப்ஸ் இல்லாத ஆர்டரை எடுக்க ஆள் தயங்குவது உண்மை. ஆள் ஏற்றும் பயணத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: நான் மாணவன். வாரம் இருமுறை இரவு வேலை முடிந்து ஊபரில்தான் அறைக்கு வருகிறேன். டிப்ஸ் கொடுக்கக் கட்டாது. கொடுக்காமல் இறங்கும்போது கூசுகிறது.
— வாசகர், ஆர்லிங்டன், டெக்சஸ்

பதில்: கூச வேண்டாம் தம்பி. முடிந்த நாளில் 1 டாலர் போடுங்கள், அதுவும் முழுதாகவே போய்ச் சேரும். முடியாத நாளில் டிரைவருக்கு நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுங்கள். வரைபடத்தில் ஏறுமிடத்தைக் காட்டும் ஊசியைக் கட்டடத்தின் நடுவில் விடாமல், வண்டி நிற்கக்கூடிய வாசலில் நகர்த்திவையுங்கள். அடுக்குமாடி வளாகம் என்றால் கேட் எண்ணை முன்கூட்டியே செய்தியில் அனுப்புங்கள். வண்டி வரும்போது கீழே நில்லுங்கள். ஐந்து நிமிடம் மிச்சமானால் அதற்கும் மதிப்பு உண்டு. இறங்கியதும் ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரு வரி நன்றி எழுதுங்கள். அது டிரைவரின் பக்கத்தில் தெரியும்.

கேள்வி: ரொக்கமாகக் கொடுத்தால் டிரைவருக்கு லாபமா, ஆப்பில் போட்டால் லாபமா? டிப்ஸுக்கு இனி வரியே கிடையாது என்கிறார்களே?
— வாசகர், நேப்பர்வில், இல்லினாய்ஸ்

பதில்: கையில் வரும் தொகை இரண்டிலும் ஒன்றுதான். ரொக்கம் உடனே சட்டைப்பையில் சேர்கிறது என்பதால் சிலருக்குப் பிரியம். ரொக்கம் கொடுப்பதானால் 1 டாலர், 5 டாலர் நோட்டுகளாக வைத்திருங்கள். இருபதை நீட்டிச் சில்லறை கேட்டால் பெரும்பாலும் இருக்காது.

வரி விஷயத்தில் கேள்விப்பட்டது பாதி சரி. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டப்படி, 2025 முதல் 2028 வரை, தாமாக விரும்பிக் கொடுக்கப்படும் டிப்ஸில் வருடத்துக்கு 25,000 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். டாக்ஸி டிரைவர்களும் ஊபர், லிஃப்ட் போன்ற ரைட்ஷேர் டிரைவர்களும் அந்தத் தொழில் பட்டியலில் இருக்கிறார்கள். வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டினால் (தம்பதியாகக் கணக்குக் காட்டினால் 3,00,000) கழிவு குறையத் தொடங்கும். ஆனால் இது வருமான வரிக்கு மட்டும். சொந்தத் தொழில் செய்பவர்களாக டிரைவர்கள் கட்டும் 15.3 சதவீத சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி டிப்ஸுக்கும் உண்டு. கழிவு கேட்க எழுத்தில் பதிவு வேண்டும், ஆப்பில் வரும் டிப்ஸ் அப்படித் தானாகவே பதிவாகிவிடுகிறது. நேர்மையாகக் கணக்குக் காட்டும் டிரைவருக்கு இப்போது ஆப் டிப்ஸே வசதி. உங்களுக்கும் அலுவலகத்துக்கும் ரசீது கிடைக்கும்.

கேள்வி: எங்கள் மாநிலத்தில் டிரைவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்துவிட்டார்கள். இனியும் டிப்ஸ் எதற்கு?
— வாசகர், பாஸ்டன் புறநகர்

பதில்: உங்கள் மாசசூசெட்ஸில் 2024 ஜூனில் அரசுத் தலைமை வழக்கறிஞரோடு ஊபரும் லிஃப்டும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மணிக்கு 32 டாலர் 50 சென்ட் என்று தொடங்கினார்கள். பெரிய தொகையாகத்தான் தெரிகிறது. எந்த மணி என்று பார்க்க வேண்டும். பயணத்தை ஏற்ற நிமிடத்திலிருந்து உங்களை இறக்கிவிடும்வரை மட்டுமே அந்தக் கடிகாரம் ஓடும். அடுத்த அழைப்புக்காகப் பெட்ரோல் பங்க் ஓரத்தில் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. பெட்ரோலும் டயரும் அவர் செலவு.

கலிஃபோர்னியாவில் 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 22-வது முன்மொழிவும் இதே வழிதான்: பயணத்தில் இருக்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதம், அதோடு மைலுக்கு ஆரம்பத்தில் 30 சென்ட், பிறகு விலைவாசிக்கேற்ப ஏற்றம். டிப்ஸை அந்த உத்தரவாதத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அதாவது நீங்கள் 4 டாலர் கொடுத்தால் அதைக் காட்டிக் கம்பெனி தன் பங்கில் 4 டாலரைக் குறைத்துக்கொள்ள முடியாது. நியூயார்க் நகரம் 2019 பிப்ரவரியிலிருந்தே மைலுக்கும் நிமிடத்துக்கும் குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. அங்கே பயணி இல்லாமல் சும்மா ஓடும் நேரத்தையும் சூத்திரத்தில் சேர்த்திருப்பதால் கொஞ்சம் மேல்.

இப்படிப்பட்ட ஊர்களில் 20 சதவீதத்துக்குப் பதில் 10, 15 என்று இறங்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. அடியோடு நிறுத்த அந்தச் சட்டங்கள் காரணம் ஆகா.

கேள்வி: டிரைவர் வழி முழுக்கப் போன் பேசிக்கொண்டே வந்தார், நெடுஞ்சாலையில் தவறான எக்ஸிட்டிலும் (வெளியேறும் வழி) இறங்கினார். டிப்ஸைக் குறைத்தால் போதுமா?
— வாசகி, அட்லாண்டா

பதில்: போதாது, பயனும் இல்லை. டிப்ஸ் குறைந்தது ஏன் என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. ‘இவரும் கொடுக்காதவர்’ என்று எண்ணிக்கொள்வார், அவ்வளவுதான். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது, தூங்கி வழிவது, அதிவேகம், தகாத பேச்சு இவை எல்லாம் பாதுகாப்புப் புகார்கள். ஆப்பில் அந்தப் பயணத்தைத் திறந்து, உதவிப் பகுதியில் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள். நேரம், சாலை, நடந்தது என்ன என்று மூன்று வரி போதும். டிப்ஸ் பூஜ்யம்.

தவறான எக்ஸிட் வேறு கதை. முன்கூட்டியே சொன்ன கட்டணம் என்றால் பெரும்பாலும் உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. கட்டணம் ஏறியிருந்தால் அதே உதவிப் பகுதியில் மறுபரிசீலனை கேட்கலாம். வரைபடம் காட்டிய வழியில் போய் நெரிசலில் மாட்டியதற்கு டிரைவரின் டிப்ஸில் கை வைப்பது நியாயமில்லை. சந்தேகமாக இருந்தால் இறங்கியவுடன் போட வேண்டாம், ரசீதைப் பார்த்துவிட்டு அன்று இரவு போடுங்கள். பயண வரலாற்றில் போய்ப் பிறகும் சேர்க்கலாம். போட்டபின் குறைக்கத்தான் ஆப்பில் வழி இருக்காது.

கேள்வி: ‘ஆப்பில் ரத்து செய்துவிட்டு எனக்கு நேரடியாகப் பணம் அனுப்புங்கள், உங்களுக்கும் குறையும்’ என்றார் ஒரு டிரைவர். அதை டிப்ஸாக நினைத்துச் செய்யலாமா?
— வாசகர், சான் ஹோசே

பதில்: செய்யாதீர்கள். பயணம் ஆப்பில் ஓடும்வரைதான் நிறுவனத்தின் 10 லட்சம் டாலர் விபத்துப் பொறுப்புக் காப்பீடு. ரத்து செய்த நொடியில் நீங்கள் தெரியாத ஒருவரின் காரில் காப்பீடு இல்லாமல் போகும் ஆள். டிரைவரின் சொந்தக் காப்பீடும் வாடகைக்கு ஓட்டியதைக் காரணம் காட்டிக் கைவிரித்துவிடலாம். வண்டி எங்கே போகிறது என்ற பதிவும் நின்றுபோகும். ‘ஆப்பிலேயே போகலாம் அண்ணா’ என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் இறங்கிவிடுங்கள்.

முன்சீட்டின் முதுகில் வென்மோ, ஸெல் போன்ற பணம் அனுப்பும் ஆப்களின் குறியீடு ஒட்டிவைத்து டிப்ஸ் கேட்பது இதிலிருந்து வேறு. அதில் தவறில்லை, ஆனால் தொகை தவறாகப் போனால் திரும்பாது. ஆப்பிலேயே வழி இருக்கும்போது அது எதற்கு?

கேள்வி: அலுவலகப் பயணத்தில் கொடுத்த டிப்ஸ், செலவுக் கணக்கில் விடுபட்டுவிடுகிறது.
— வாசகி, சியாட்டில்

பதில்: பயணம் முடிந்தவுடன் வரும் ரசீதை அனுப்பிவிடுகிறீர்கள், அதனால்தான். டிப்ஸ் சேர்த்தபின் புதிய ரசீது வரும், அதை அனுப்புங்கள். கார்டிலும் சில நேரம் டிப்ஸ் தனி வரியாகப் பதிவாகும், இரண்டு முறை பிடித்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். நிறுவனங்கள் டிப்ஸுக்கு 15 அல்லது 20 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கும். சின்னப் பயணத்துக்கு நாங்கள் சொன்ன 3 டாலர் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். மிச்சத்தை ஒரு டாலர் நோட்டாகக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் இருப்பது டென்வர். கொலம்பஸில் இருக்கும் மாமியாருக்கு இங்கிருந்தே வண்டி போட்டுக் கொடுக்கிறேன். டிப்ஸ் யார் கொடுப்பது?
— வாசகி, டென்வர்

பதில்: கணக்கு யாருடையதோ அவருக்குத்தான் டிப்ஸ் திரை வரும், ஆகவே நீங்கள்தான். வயதானவரைக் கைபிடித்து ஏற்றினாரா, வாக்கரை மடக்கி வைத்தாரா, கதவு வரை கொண்டுவிட்டாரா என்று அத்தையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். இவற்றுக்கு 3 முதல் 5 டாலர் சேர்ப்பது தகும். அத்தை கையில் ஐந்து டாலர் கொடுத்துவிட்டு, தெரியாமல் நீங்களும் ஆப்பில் போடுவது பல வீடுகளில் நடக்கிறது. டிரைவர் மறுக்கவா போகிறார்!

கேள்வி: ஆளில்லாக் காருக்கும் டிப்ஸ் உண்டா?
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ஆளில்லாமல் ஓடும் வேமோ டாக்ஸியில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, கொடுக்க வேண்டாம். ஆஸ்டின் போன்ற ஊர்களில் 2025 முதல் ஊபர் ஆப்பிலேயே வேமோ வண்டி வந்து நிற்கிறது, அங்கும் இதே பதில்தான். பெட்டியை மட்டும் நீங்களே தூக்க வேண்டும்.

கேள்வி: போனை வண்டியிலேயே விட்டுவிட்டேன். டிரைவர் முக்கால் மணி நேரம் ஓட்டிவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆப்பில் ஏதோ கட்டணம் பிடித்தார்கள். அது போக நானும் ஏதாவது கொடுத்திருக்க வேண்டுமா?
— வாசகர், ராலே

பதில்: ஊபர் அமெரிக்காவில் பொருள் திருப்பிக் கொடுப்பதற்கு 20 டாலர் பிடிக்கிறது, அது டிரைவருக்கே போகிறது. பக்கத்தில் இருந்து வந்தால் அதுவே போதும். முக்கால் மணி என்றால் போக 30 மைல், வர 30 மைல் இருந்திருக்கும். மேலே சொன்ன 70 சென்ட் கணக்கில் வண்டிச் செலவே 42 டாலர். அந்தப் பயணத்தை ஆப்பில் திறந்து இன்னும் 25, 30 டாலர் டிப்ஸாகப் போடலாம். வழி அடைபட்டிருந்தால் உதவிப் பகுதிக்கு எழுதி டிரைவருக்குச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை, தொலைந்தது தெரிந்தவுடன் கொண்டுவரச் சொல்லாமல், அவர் அன்று மாலை எந்தப் பக்கம் வருகிறார் என்று கேட்டு நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள். இருவருக்கும் செலவு மிச்சம்.